பிரபஞ்சத்தின் கையெழுத்து

"என்ன, உன் பிரபஞ்சம் இன்னும் டெலிவரி பண்ணலியா?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார் டெல்பர்ட். பிரபஞ்சத்துக்குக் காது கிடையாது என்று முப்பது வருஷம் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்.

அவர் மனைவி ராஸலின், பச்சை ஆடும் நாற்காலியின் படம் ஒன்றை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி மூன்று வாரமாயிற்று. நினைத்தது கையில் கிடைத்துவிட்டதாகவே நம்பிப் படத்தைப் பார்க்கவேண்டுமாம். பிரபஞ்சமே அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும் என்று அவள் போகும் தியான வகுப்பில் சொன்னார்களாம்.

"கிண்டல் பண்ணிக்கோ. வரும்," என்று நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவள், அரை மணியில் பச்சை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தெருமுனையில இருந்துச்சு, சீட்டு ஒட்டி."

"நம்ம பாசடீனா ஊர்ல வேண்டாத சாமானை எல்லாரும் தெருவுலதான் வைக்கிறாங்க. தற்செயல்," என்றார் டெல்பர்ட், இடுப்பைப் பிடித்தபடி.

"இடுப்புக்கு என்ன?"

"தோட்ட வேலை."

அவள் சீட்டை நீட்டினாள். 'இளவசம். எடுத்துக்கொள்ளவும்.'

"இலவசத்துக்கு இந்த 'ள' போடுற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான், டெல்பர்ட்."

அவள் தினமும் அந்தப் படத்தை ஆசையாகப் பார்ப்பதைத் தாங்கமுடியாமல், நான்கு பழைய சாமான் கடை ஏறி இறங்கி, விடியற்காலையில் நாற்காலியைத் தெருமுனைவரை சுமந்த பிரபஞ்சத்துக்குக் காது சிவந்தது.

ராஸலின் அடுத்த படத்தை ஒட்டினாள். ஹவாய்க் கடற்கரை.

"இதையெல்லாம் உன் அறையில ஒட்டினா என்ன? ஏன் ஃப்ரிட்ஜுல?"

"பிரபஞ்சம் பீர் எடுக்க தினமும் இங்கதானே வருது."