சோதனைக்குப் போன ஜல்லி

குவாரியிலிருந்து வந்திறங்கிய ஜல்லிக்கு ஒரே கவலை. பக்கத்தில் கிடந்த இடித்த வீட்டின் கான்கிரீட் உடைசலோடு தன்னையும் சேர்த்துக் கலந்துவிடுவார்களோ?

"தள்ளி உட்காரு. குப்பையோடு எனக்கென்ன சேர்க்கை?" என்றது.

"சரிங்கய்யா," என்றது உடைசல்.

மறுநாள் மேஸ்திரி அந்த ஜல்லியை மட்டும் அள்ளி, சிமெண்டில் கலந்து மூன்று சோதனைக் கட்டிகள் வார்த்தார். "பார்த்தாயா, என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்!" என்று பீற்றிக்கொண்டு போனது ஜல்லி.

கட்டி இறுகுவதற்காக இருபத்தேழு நாள் தொட்டித் தண்ணீரில் சொகுசாகக் கிடந்தது. இருபத்தெட்டாம் நாள் சோதனைக்கூடத்து எந்திரம் அதன் பலத்தை அளந்தது. உடைகிற வரைக்கும் அழுத்தித்தான் அளந்தது.

அன்று சாயங்காலம் மூன்று கட்டிகளும் நொறுங்கி, அதே உடைசல் குவியலில் வந்து விழுந்தன.

"வாங்கய்யா, நல்லாத் தாங்கினீங்களா?" என்று உடைசல் நகர்ந்து இடம் கொடுத்தது.

அதற்குள் லாரியில் புது ஜல்லி வந்திறங்கியது. "ஏய் குப்பை, தள்ளி உட்காரு!"

உடைசல் வாயைப் பொத்திச் சிரித்தது. "இந்தத் தடவை நீங்களே பதில் சொல்லுங்கய்யா."

"சரிங்கய்யா," என்றது பழைய ஜல்லி.