எழுபத்தொரு மணி நேரம்

சன்னல் பட்டைகள் வழியே மூன்று மணி வெயில் போ-கியோங்கின் விசைப்பலகைமீது கோடுகோடாக விழுகிறது. திரையில் இஞ்சோன் நகரப் பார்சல் கிடங்கின் நாற்பது தொழிலாளர்கள்: பெயர், வாரத்துக்கு எத்தனை மணி வேலை, எத்தனை தடவை ஆஸ்பத்திரி. எக்செல் போட்டுக் காட்டும் தொடர்பு 0.86. மணி ஏற ஏற ஆஸ்பத்திரியும் ஏறுகிறது. பின்னால் நிற்கும் மேலாளர் நம்கூங், கிழித்த காபிப் பொட்டலத்தையே கரண்டியாக்கிக் காகிதக் குவளையைக் கலக்குகிறார். "இதை லேபர் இன்ஸ்பெக்டர் பார்த்தா நம்ம கதி என்னம்மா?" "உள்ளதுதானே சார் வந்திருக்கு." "உள்ளதை யாரு மாத்தச் சொன்னா? மணிக் கணக்கை மட்டும் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கு. சராசரி அப்படியேதான் இருக்கும். எவன் கண்டுபிடிக்கப் போறான்?" பக்கத்திலுள்ள பெயர், ஆஸ்பத்திரிப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா என்று திரையில் ஒரு கேள்வி எழுகிறது. கணினிக்காவது கேட்கத் தோன்றுகிறது. போ-கியோங் வேண்டாமென்று அழுத்துகிறாள். ஒரு நொடியில் எண்கள் ஆள் மாறிவிடுகின்றன. தொடர்பு 0.04, இல்லாத மாதிரிதான். நம்கூங் காபியை உறிஞ்சிக்கொண்டே நகர்கிறார். அவள் பார்வை மட்டும் மூன்றாவது வரிசையைவிட்டு நகர மறுக்கிறது. கில் தே-ஹுன். போன மாதம் பார்சல் ஓடும் பெல்ட்டின் அருகே சுருண்டு விழுந்து செத்தவன். எழுபத்தொன்று இருந்த இடத்தில் இப்போது முப்பத்தாறு. செத்த பிறகுதான் அவனுக்கு நேரத்தோடு வீடு திரும்ப வாய்த்திருக்கிறது.