எந்தத் தெரு?

“‘முத்தையாபுரம்னா, முத்தையாபுரத்துல எந்தத் தெரு?’ இப்படித்தான் இசக்கிசெல்விகிட்ட கேட்டாங்க சார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அதுவும் கேன்டீன்ல, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்ப.”

ரம்யா, எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் கிளாடிஸின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகம். வேறுபாடு பார்க்காமல் சக ஊழியருக்குத் துணை நிற்பது எப்படி என்று அன்றைக்குப் பயிற்சி. நடத்த வந்த செல்வின் சென்னைவாசி.

“தெருவைக் கேட்டா என்ன தப்பு?” அவருக்கு விளங்கவில்லை.

“இந்தப் பக்கம் தெருவைக் கேட்டா சாதியைக் கேட்டதா அர்த்தம் சார். இசக்கிசெல்வி வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம்தான் ஆவுது. நாங்கள்லாம் ஒரு வார்த்தை கேட்டிருப்போமா?”

செல்வின் முகம் மாறியது.

“கிளாடிஸ் மேடம், இது உண்மைன்னா நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும். அப்புறம் மெமோதான். கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

இருபத்தாறு வருஷ சர்வீஸ். வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“அதுல ஒரு வருத்தமும் இல்லையா?”

கிளாடிஸ் கடைசி வரிசையைப் பார்த்தாள். இசக்கிசெல்வி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏளா செல்வி, நான் கேட்டது உனக்கு வலிச்சுதா?”

“வலிச்சுது மேடம். போன வேலையை இந்தக் கேள்வியாலதான் விட்டேன். இதையும் விட்டுருவோம்னு இருந்தேன்.”

ரம்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நாலு பேர் முன்னால கேட்டது என் தப்பு. மன்னிச்சிரு மக்கா,” என்றாள் கிளாடிஸ். “சார், அதையும் எழுதிக்கிடுங்க. ஆனா எதுக்குக் கேட்டேன்னு இங்க ஒருத்தரும் கேக்கல.”

“எதுக்கு?”

“போன திங்கக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு ஸ்கூட்டில வாரேன். லாரி போற ரோட்டோரமா, விளக்கில்லாத இடத்துல இந்தப் பிள்ளை தனியா நடந்து போவுது. கம்பெனி வேன் என்னாச்சுன்னு வெள்ளத்துரைகிட்ட விசாரிச்சேன்.”

வாசலில் நின்ற வேன் டிரைவர் வெள்ளத்துரை தொண்டையைச் செருமினார்.

“மத்த ஆறு பேரையும் வீட்டு வாசல்ல எறக்குதேன் சார். இந்தப் பிள்ளைய மட்டும் மெயின்ரோட்டுல. ‘உள்ள போனா லேட்டாவும், அங்கனயே எறக்கிருங்க’ன்னு வேன்ல சொன்னாவ.”

யார் சொன்னது என்று செல்வின் கேட்கவில்லை. ரம்யா செல்போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

“வேன் லிஸ்ட்டுல தெரு இல்லாம எந்த வாசல்ல எறக்க?” கிளாடிஸ் ஒரு தாளை நீட்டினாள்.

இசக்கிசெல்வி எழுந்து வந்து வாங்கினாள். பேனாவைத் திறந்தாள். பிறகு கதவு எண்ணையும் தெருப் பெயரையும், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினாள்.

கிளாடிஸ், ரம்யா உட்பட வேனில் போகிற ஆறு பேர் பக்கமும் திரும்பினாள்.

“இன்னையிலருந்து எல்லாருக்கும் பத்து நிமிஷம் லேட்டாவும். முடியாதுங்கவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழும்பவில்லை.