பன்னிரண்டே முக்கால்

“அக்டோபர் பதினொண்ணு. அஞ்சு கப்பல். பதிமூவாயிரம் பேரு. சொந்த ஊர்ல என் பொண்டாட்டி நடக்க ஒரு தெரு இல்ல. இதுக்கு மேல என்னடா சொல்லணும்?”

துறைமுகப் பட்டியலை மேசைமேல் அறைந்துவிட்டுக் கேட்டார் விலாஹோ. துப்ரோவ்னிக் துறைமுகத்தில் முப்பத்தோராண்டு கப்பல் வரவைக் குறித்த எழுத்தர் அவர். ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பட்டியலைப் பாராமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

“எங்கிட்ட கத்தி என்ன ஆகப்போவுது, கோஸ்பார் விலாஹோ?” காபிக்கடை ஜீவோ, ஊர் வழக்கப்படி பெயருக்கு முன் மரியாதையைச் சேர்த்தே கேலி செய்பவன். “மேயருக்கு ஒண்ணு, பிஷப்புக்கு ஒண்ணு, பேப்பருக்கு ஒண்ணுன்னு கடுதாசி போட்டீங்களே. அடுத்தது யாருக்கு, கடலுக்கா?”

“வாய மூடிட்டு கோப்பையத் துடை.”

லுக்ரே கணவரின் முழங்கையைத் தொட்டார். “என்னங்க, காபி கொட்டுது பாருங்க. கால் ஆட்டாம உக்காருங்க.”

லுக்ரேவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஊன்றுகோலின்றி, நாள் தவறாமல், சமதரையில் நடந்தாக வேண்டும். வியாழனன்று மருத்துவர் பார்ப்பார். அன்றும் முட்டி மடங்காவிட்டால் மறுபடியும் கத்தி. மதில் சூழ்ந்த அந்நகரில் அவர்கள் குடியிருந்த பக்கம் முழுவதும் படிச்சந்துகள். சமதரை என்று கிடைப்பது பிளாட்சா என்னும் பெருந்தெரு ஒன்றுதான். அதன் கல்லோ, தலைமுறை தலைமுறையாகக் காலடி பட்டுக் கண்ணாடிபோல் வழுக்குவது. எவனோ ஒருவனுடைய முதுகுப்பை இடித்தால் போதும்.

“இன்னைக்கும் அதே நேரம்தானா?” என்றார் லுக்ரே.

“அதே பன்னெண்டே முக்கால். காலையில வந்த கூட்டம் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு ஓடிரும். காசு கட்டின சாப்பாட்ட எவனாவது விடுவானா? சாப்பிட்டவன் ஒன்றரைக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டான். நடுவுல முக்கால் மணி நேரம் தெரு நம்மளுது. மூணு வாரத்துல ஒருநாளாவது தப்புச்சா?”

“தப்பல.”

“அப்ப கிளம்பு.”

“மணி பன்னெண்டுதான் ஆவுது!”

“பரவால்ல, கிளம்பு.”

அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டு நடந்தார் விலாஹோ.

சந்தின் வாயில் இருவரும் காத்து நின்றனர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மணிக்கூண்டைப் பார்த்தார், இரண்டிலும் நம்பிக்கை இல்லாதவர்போல் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னபடியே தெரு மெல்லக் காலியாயிற்று. பன்னிரண்டே முக்கால் அடித்தது. லுக்ரே சுவரை விட்டுக் கையை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி.

அப்போது மேற்கு வாசலிலிருந்து கூட்டம் கொட்டியது. தொப்பிகள், பைகள், கேமராக்கள். வந்தவர்கள் எல்லாரும் மணிக்கூண்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தனர். கனத்த பையொன்று லுக்ரேயின் தோளில் மோதியது. கால் வழுக்கியது. விழுமுன் விலாஹோ பிடித்துச் சுவரோரம் சாய்த்தார்.

கூட்டத்தின் முன்னே மஞ்சள் குடையை உயர்த்தியபடி வழிகாட்டிப் பெண் தோன்கா வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்.

“ஏய் தோன்கா! இவங்களுக்கெல்லாம் வயிறே இல்லையா? பசிக்காதா?”

“பதினொன்றரைக்கே முடிச்சிட்டு இறங்கிட்டாங்க, மாமா. இந்த நேரத்துல தெரு காலியா இருக்கும்னு நேத்து ராத்திரி கப்பல்ல ரூமுக்கு ரூம் தாள் போட்டிருக்காங்க. நானே அசந்துட்டேன்.”

“அந்தத் தாள் கையில இருக்கா? படி!”

தோன்கா தயங்கித் தயங்கிப் படித்தாள். “ ‘துப்ரோவ்னிக் நகரில் கூட்டமில்லாத நேரம்: பன்னிரண்டே முக்கால் முதல் ஒன்றரை வரை. நடுக்கல்லில் நடங்கள், ஓரக்கல் வழுக்கும்.’ ”

விலாஹோவின் முகம் செக்கச் சிவந்தது. “ஓரக்கல் வழுக்கும்னு வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? உள்ளூர்க்காரன் எவனோதான் காட்டிக் குடுத்திருக்கான்! என் பொண்டாட்டி காலு அவனுக்கு விளையாட்டாப் போச்சா? யாரவன்? எனக்கு இப்பவே பேரு தெரியணும்!”

தோன்கா குடையின் நுனியைப் பார்த்தாள். “பேரு… கீழ போட்டிருக்கு, மாமா.”

கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் துழாவினார் விலாஹோ. அதற்குள் தாளை வாங்கிய லுக்ரே, சுவரில் சாய்ந்தபடி அடிவரியை ஒருமுறை மனத்துக்குள் படித்தார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உரக்கப் படித்தார்:

“ ‘ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து. எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது இந்த முக்கால் மணி நேரம் மட்டுமே, இதையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள் என்று அதில் கெஞ்சியிருப்பவர், ஓய்வு பெற்ற துறைமுக எழுத்தர் விலாஹோ.’ ”

கடைக்குத் திரும்பிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலை விரித்து, வேறொரு நேரத்தைக் கண்டுபிடித்து, அதை மனைவியின் காதுக்கு மட்டும் சொன்னார் விலாஹோ. வியாழனன்று லுக்ரேயின் முட்டியும் மடங்கியது. அந்தப் புது நேரம் எது என்று கேளாதீர்கள், வாசகரே. பன்னிரண்டே முக்காலையும் இந்தக் கணமே மறந்துவிடுங்கள்!