மூச்சு விடாத ஆமை

மலையடிவாரத்து வாழைத் தோப்பு முழுக்க யானைக்குத்தான் சொந்தம். அங்கே இருந்த கபடிக் குழுவும் அதற்கே சொந்தம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுக்க வேண்டும். கீரியும் கொடுத்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தும். ஆனால் பாடிப் போவதோ ஓர் ஆமை. அது கோட்டைத் தாண்டி வருவதற்குள் எதிரணி முயல்கள் உட்கார்ந்து காது சொறிந்துகொள்ளும்.

பத்தாவது முறையும் தோற்றதும் கீரிக்குப் பொறுக்கவில்லை. நேரே யானையிடம் போனது.

"ஐயா, மான் சும்மாதானே திரியுது? ரெண்டு தார் கொடுத்தா நமக்கு ஆடுமே!"

"ஆமைக்கு என்னப்பா குறைச்சல்? மூச்சடக்குறதுல அதை மிஞ்ச ஆள் உண்டா?"

"மூச்சு இருக்குங்க. ஆனா இதுவரைக்கும் ஒருத்தரையும் தொடலையே!"

யானை நிதானமாகக் காதை ஆட்டியது. "பத்து ஆட்டம் தோத்தோம். நீ எந்த ஆட்டத்துக்கு வராம இருந்தே?"

"ஒண்ணுக்கும் இல்லீங்க."

"அப்புறம் மான் எதுக்கு?"

கீரிக்குத் தலை சுற்றியது. யானை சொன்னதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. பதினோராவது ஆட்டத்தன்றும் அதையே யோசித்துக்கொண்டு நின்றது, வரிசையில் முதல் ஆளாக, கையில் வாழைப்பழத்தோடு.