பாம்புக்கு வந்த கோடாங்கி

“வாத்தியாரே, எம்மகன சோத்துக்கு ஒக்காருடான்னா குப்புறப் படுத்துத் தலையத் தூக்கிக்கிட்டு ‘உஸ்ஸு’ங்கிறான்! இது என்ன கூத்து?”

செங்கமலம் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த காக்காய்கள் எழும்பிப் பறந்தன. அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

ஆத்மநாதன் வாத்தியார் வாசலுக்கு வந்தார். இருபத்திரண்டு வயசு. திருமயத்துக்குத் தெற்கே இந்த ஊருக்கு வந்து மூன்று மாசம்தான் ஆகிறது. வாத்தியார் ஒருத்தர், அறை ஒன்று, பிள்ளைகள் இருபத்தாறு. எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் போன வாரம்தான் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

“அது யோகாசனங்க. பாம்பு மாதிரி எந்திரிக்கணும், எறங்கும்போது மூச்ச நல்லா விடணும். பிள்ளைங்க ஒடம்புக்கு நல்லதுங்க.”

“எம்மக கொளத்துக்கரையில ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, நான் கொக்குங்கிறா!” என்றாள் இன்னொருத்தி. “மனுசப் புள்ளையா அனுப்புனா, பாம்பும் கொக்குமாவா திருப்பி அனுப்புவீங்க?”

ஊர்ப் பெரியவர் சேவுகன் அம்பலம் கையை உயர்த்தினார். கூச்சல் அடங்கியது.

“காத்துக் கருப்பு அண்டிருச்சோன்னு பொம்பளைங்க பயப்படுறாங்க, வாத்தியாரே. நம்ம கோடாங்கி ஆவுடையார்கோவில் பக்கம் போயிருக்காரு. வெள்ளிக்கெழம வந்திருவாரு. வந்து பாத்துச் சொல்லட்டும். பேயின்னு ஒரு வார்த்த சொன்னாருன்னா, ஒரு புள்ளயும் இந்தப் படி ஏறாது.”

உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர் கோடாங்கி. அந்த வட்டாரத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேயோட்டுகிறவரிடமே பேய் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றா சொல்வார்?

கூட்டத்தில் வாயே திறக்காதவள் மருதாயி ஒருத்திதான். அவள் மகள் இருளாயிக்கு அஞ்சு வயசு. பள்ளியில் சேர்ந்த புதிதில் நாலு எட்டு நடந்தாலே அவளுக்கு இளைப்பு வந்துவிடும். சுவரோரமாக ஒட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறுவாள். இப்போதோ பாம்பு என்றால் அவள்தான் முதல் ஆள். இருளாயியின் அப்பன் அடைக்கலத்தை வாத்தியார் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போகிற பிழைப்பு என்று மருதாயி சொல்லியிருந்தாள். அந்த ஆளும் வந்து சண்டை போடாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே வேப்பமரத்தடியில் கூடிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறும் தோளில் புரளும் முடியுமாகக் கோடாங்கி வந்து உட்கார்ந்தார். வாத்தியாரை ஒரு முறை முறைத்தார்.

“ம். ஆடச் சொல்லுங்க ஒங்க பாம்ப!”

உடுக்கை ‘டுடும் டுடும்’ என்று முழங்கியது. பயந்து அலறுவார்கள் என்று பார்த்தால், அந்தப் பொடிசுகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை! தாளத்துக்குத் தாளம் இருபத்தாறு தலைகளும் எழும்பின. ‘உஸ்ஸ்ஸ்’ என்று இறங்கின. செங்கமலத்தின் மகன் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோடாங்கி உடுக்கையை நிறுத்தி விரலை நீட்டினார். “இந்தப் புள்ள மட்டும் தனியா செய்யட்டும்.”

விரல் இருளாயியைக் காட்டியது. வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். இத்தனை பேர் பார்க்கும்போது இந்தக் குழந்தைக்கு இளைப்பு வந்தால் எல்லாம் போச்சு!

இருளாயி குப்புறப் படுத்தாள். தலையைத் தூக்கி, நெஞ்சு நிறைய மூச்சை வாங்கினாள். பிறகு மெதுவாக, மெதுவாக, ‘உஸ்ஸ்ஸ்ஸ்…’ இருமல் இல்லை, திணறல் இல்லை. அந்த மூச்சு முடிகிறதாயில்லை.

கோடாங்கியின் கையிலிருந்த உடுக்கை மடியில் நழுவியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“அருள் வந்திருச்சு! கருப்பன் எறங்கிட்டான்!” என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள்.

“டேய், கேட்டுக்கங்கடா!” கோடாங்கி எழுந்து முழங்கினார். “இது பேயுமில்ல, பிசாசுமில்ல. ஒரு புள்ளயும் ஒரு நாளும் இத விடக் கூடாது. விட்டா தெய்வக் குத்தம்!”

அவ்வளவுதான். சேவுகன் அம்பலம் அங்கேயே தம் பேரப் பிள்ளைகள் மூன்று பேரையும் பள்ளியில் சேர்த்தார். பொழுது ஏறுவதற்குள் இன்னும் மூன்று பேர் சேர, எண்ணிக்கை முப்பத்திரண்டு! வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கோடாங்கி மட்டும் அறைக்குள் வந்தார். வாத்தியார் செம்பை நீட்டினார்.

“கோடாங்கியாரே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கருப்பன் நெசமாவே சொன்னானா?”

கோடாங்கி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நாந்தாங்க அடைக்கலம், இருளாயியப் பெத்தவன். மூணு வருசமா நான் மந்திரிச்சும் கேக்காத இளைப்பு ஒங்க பாம்புக்குக் கேட்டிருச்சுங்க. ஆனா ஊரு பூராவும் என் திருநீறுலதான் அந்த இளைப்பு நின்னுச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கு. அத மட்டும் காப்பாத்திக் குடுத்திருங்க, வாத்தியாரே!”