தொப்பூர் இறக்கம்

“போன தடவை மாதிரி ஒயர் கியர் எதுவும் இழுக்காதுங்க மாமா. தலையை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம்.”

கவிப்பிரியா அந்தக் கறுப்பு ஹெட்செட்டை மாமனார் அர்ச்சுனனின் கண்ணில் மாட்டி, பின்பக்கப் பட்டையை இறுக்கினாள்.

“கம்ப்யூட்டர் எங்கம்மா?”

“எல்லாம் இதுக்குள்ளயே வந்துடுச்சுங்க.”

கண்ணெதிரே நிஜம்போல் காட்சி காட்டும் இந்த ஹெட்செட்டை ஓசூர் கம்பெனியில் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. லாரி டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மலைப்பாதை வேண்டும் என்றபோது, தொப்பூர் இறக்கத்தைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான். பாதி வழியில் போன் அடிக்கும், எடுக்கக் கூடாது. அதுதான் பாடம். சரியாக வந்திருக்கிறதா என்று அங்கேயே வண்டி ஓட்டிப் பழுத்தவர்தானே சொல்ல வேண்டும்?

புருஷனைப் பறிகொடுத்துப் படித்த பாடம் அது. சிவக்குமார் அந்த இறக்கத்தில் லாரி ஓட்டி வரும்போது போன் போட்டவள் அவள். பேசிக்கொண்டே ஓட்டினான், விபத்தில் போய்ச் சேர்ந்தான். பக்கத்து சீட்டில் இருந்த அர்ச்சுனன் குதித்துப் பிழைத்தார்.

“போன் போட்டே எம் புள்ளையக் கொன்னுட்டா” என்று மாமியார் காசியம்மாள் காரிமங்கலம் சந்தை வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமனார் மட்டும், நடந்தது இதுதான் என்று போலீசில் சொன்னதோடு சரி, அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றிருக்கும் அவளுக்கு.

“அட, நம்ம தொப்பூரேதான்!” அர்ச்சுனன் நாற்காலியில் நிமிர்ந்தார். கைகள், அங்கே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. போன தடவை ஒயர் கழுத்தில் இடறியபோதெல்லாம் “வெறும் பொம்மை வெளையாட்டும்மா” என்று சிரித்தவர், இன்று தான் இருப்பது வீடு என்பதையே மறந்துபோனார். இறக்கம் தொடங்கியதும் இடது கை தானாகக் கியரைத் தட்டியது.

“நியூட்ரல் பண்ணிட்டீங்களா? அது தப்புங்க மாமா, பிரேக் தாங்காது.”

“டீசல் மிச்சமாவும்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் வுடுவாங்க.”

ஹெட்செட்டுக்குள் போன் அடித்தது. எடுத்துவிடாதீங்க மாமா என்று கவிப்பிரியா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவர் எடுக்கவில்லை. வலது கால் மட்டும் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தது. கழுத்தெல்லாம் வியர்வை.

“போதுங்க மாமா, கழட்டிடலாம்!”

அது அவர் காதில் ஏறவே இல்லை. ஸ்டியரிங்கை விடாமல், இடப்பக்கம் கிளீனர் உட்காரும் சீட்டைப் பார்த்துக் கத்தினார்:

“டேய் சிவா! பொண்டாட்டிகிட்ட அப்பறம் பேசிக்கலாம், போனை வையிடா! எனக்குப் பிரேக் புடிக்கலடா, நீ குதிச்சிருடா!”